கரிமசெலீனியச் சேர்மங்களின் வினைத்திறன்: குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் நொதியின் மாதிரி மூலக்கூறுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கார்பன் அணுவோடு செலீனியம் அணு நேரடியாகப் பிணைந்துள்ள சேர்மங்கள் கரிமசெலீனியச் சேர்மங்கள் எனப்படும். கந்தகச் சேர்மங்களை வடிவத்தில் ஒத்திருப்பினும் வினைத்திறனில் இவை பெரிதும் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டிற்கான காரணங்களையும், கரிமத் தொகுப்பு வேதியியலிலும் உயிர்வேதியியலிலும் அது வகிக்கும் பங்கினையும் இக்கட்டுரை விளக்குகிறது. குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் நொதியைப் போலச் செயற்படுமாறு வடிவமைக்கப்பெற்ற டைசெலீனைடுகள் குறித்து மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாளராக இருந்த கோவிந்தசாமி முகேஷ் தொடங்கிய ஆய்வு சான்றாகக் கொள்ளப்பெறுகிறது. செலீனியத்திற்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான ஈர்ப்பு வினைக்குத் துணையாகவும் தடையாகவும் அமையக்கூடும் என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: கரிமசெலீனியம், டைசெலீனைடு, செலீனால், எப்செலென், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ், வினைவழிமுறை.

முன்னுரை

சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சிலியஸ், 1817ஆம் ஆண்டில் கந்தக அமிலத் தொழிற்சாலையொன்றின் கலனடியில் தங்கிய செந்நிற வண்டலை ஆராய்ந்தார். தொடக்கத்தில் அதனைத் தெலூரியம் எனக் கருதிய அவர், பின்னர் அது புதியதொரு தனிமம் எனக் கண்டறிந்தார். தெலூரியம் என்னும் பெயர் நிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஆதலின் அதன் உறவாகிய புதிய தனிமத்திற்கு நிலவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகச் செலீனியம் எனப் பெயரிட்டார்.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இத்தனிமத்தின் கரிமச் சேர்மங்கள் வேதியியலின் ஓரத்திலேயே இருந்தன. அவற்றின் தாங்கவொண்ணா நாற்றமும், நச்சுத்தன்மையும், ஒளியிலும் வெப்பத்திலும் எளிதில் சிதையும் இயல்பும் அதற்குக் காரணங்களாகும். 1970களில் இருவேறு துறைகளிலிருந்து இந்நிலை மாறியது. ஒருபுறம் கரிமத் தொகுப்பு வேதியியலாளர்கள் செலீனியத்தை மென்மையான வினைகளுக்கான கருவியாகக் கண்டனர். மறுபுறம் உயிர்வேதியியலாளர்கள் பாலூட்டிகளின் நொதியொன்றின் வினைமையத்தில் அதனைக் கண்டனர். இவ்விரண்டு கண்டுபிடிப்புகளுக்கும் அடிப்படை ஒன்றே: செலீனியம் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைகிறது, அதே எளிமையோடு ஒடுக்கமும் அடைகிறது.

1. கந்தகமும் செலீனியமும்: ஒப்புமையும் வேற்றுமையும்

தனிம வரிசை அட்டவணையின் 16ஆம் தொகுதியில் கந்தகத்திற்கு நேர்கீழே, அணு எண் 34 உடையதாய்ச் செலீனியம் அமைந்துள்ளது. பாலிங் அளவுகோலின்படி கந்தகத்தின் எலக்ட்ரான் கவர்தன்மை 2.58; செலீனியத்தினுடையது 2.55. இவ்விரு மதிப்புகளும் ஏறத்தாழச் சமமாதலின் ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பதிலிட்டாலும் மூலக்கூற்றின் தோற்றம் பெரிதும் மாறுவதில்லை. ஆனால் அதன் நடத்தை மாறிவிடுகிறது. இதற்கு மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, செலீனியம் அளவில் பெரியது; அதன் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் உட்கருவிலிருந்து தொலைவில் இருப்பதால் எளிதில் முனைவாக்கம் அடைகின்றன. ஆகவே செலீனோலேட் அயனி, தயோலேட் அயனியைவிட வலிமை மிக்க கருக்கவர் பொருளாக விளங்குகிறது.

இரண்டாவது, செலீனியத்தின் பிணைப்புகள் ஒப்பீட்டளவில் வலிமை குறைந்தவை. கார்பன்–கந்தகப் பிணைப்பின் ஆற்றல் ஏறத்தாழ 272 கிலோஜூல்/மோல் எனவும், கார்பன்–செலீனியப் பிணைப்பின் ஆற்றல் ஏறத்தாழ 234 கிலோஜூல்/மோல் எனவும் கொள்ளப்படுகின்றன. உரிய பணி முடிந்தபின் செலீனியத்தை மூலக்கூற்றிலிருந்து நீக்குவது எளிதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, செலீனால்கள் தயோல்களைவிட அமிலத்தன்மை மிக்கவை. சிஸ்டீன் அமினோ அமிலத்தின் தயோல் தொகுதிக்கு அமிலப் பிரிகை மடக்கை மதிப்பு ஏறத்தாழ 8.3, செலீனோசிஸ்டீனின் செலீனால் தொகுதிக்கு ஏறத்தாழ 5.2. இவ்வெண்களின் பொருளை உடலியல் சூழலில் வைத்துக் காணவேண்டும். குருதியின் அமிலக் காரக் குறியீடு 7.4 ஆகும். அந்நிலையில் தனித்த சிஸ்டீனின் தயோல் தொகுதிகளுள் ஏறத்தாழ 11 விழுக்காடு மட்டுமே அயனி வடிவில் இருக்கும். செலீனோசிஸ்டீனிலோ 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை அயனி வடிவில் இருக்கும். வினைபுரியும் வடிவம் அயனியே ஆதலின், கந்தகம் பெரும்பாலும் காத்திருக்கும் இடத்தில் செலீனியம் எப்போதும் ஆயத்தமாக நிற்கிறது எனலாம்.

2. தொகுப்பு வேதியியலில் செலீனியம்

முதல் கரிமசெலீனியச் சேர்மமான டைஎத்தில் செலீனைடை 1836இல் லோவிக் உருவாக்கினார். செலீனியம் டைஆக்சைடைக் கொண்டு கீட்டோன்களை ஆக்சிஜனேற்றும் முறையை 1932இல் ரைலியும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டனர். எனினும் இத்துறை விரிந்தது 1970களில் செலீனாக்சைடு நீக்க வினை பரவலாகப் பயன்பாட்டிற்கு வந்த பின்னரே. ஹான்ஸ் ரைக், பாரி ஷார்ப்லெஸ் ஆகியோரின் குழுக்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வுகள் இதில் திருப்புமுனையாக அமைந்தன.

நிறைவுற்ற கீட்டோன் ஒன்றை நிறைவுறாக் கீட்டோனாக மாற்றுவதைச் சான்றாகக் கொள்வோம். முதலில் வலிய காரம் ஒன்றைக் கொண்டு, பொதுவாக −78 பாகை செல்சியசில், கீட்டோன் ஈனோலேட்டாக மாற்றப்படுகிறது. அதனோடு பீனைல்செலீனைல் குளோரைடு சேர்க்கப்படும்போது கார்பனைல் தொகுதிக்கு அடுத்த கார்பனில் பீனைல்செலீனோ தொகுதி இணைகிறது. பின்னர் ஹைட்ரஜன் பெராக்சைடு செலீனியத்தைச் செலீனாக்சைடாக மாற்றுகிறது. செலீனியத்தின் மீதுள்ள ஆக்சிஜன், அடுத்த கார்பனில் ஒரே பக்கமாக அமைந்த ஹைட்ரஜனை ஐந்துறுப்பு வளைய இடைநிலை வாயிலாகப் பற்றிக்கொள்ள, பென்சீன்செலீனெனிக் அமிலம் வெளியேறி இரட்டைப் பிணைப்பு உருவாகிறது.

இந்நீக்கம் அறை வெப்பநிலையிலோ அதற்கும் கீழோ நிகழ்ந்துவிடும் என்பதே இங்குக் கருதத்தக்கது. இதற்கு இணையான சல்பாக்சைடுகளைப் பொதுவாக வெப்பப்படுத்த வேண்டும். வெப்பம் தாங்காத இயற்கைப் பொருள்களைத் தொகுப்பவர்களுக்கு இவ்வேறுபாடு பெரும் துணையாயிற்று. ஆயினும் வெளியேறும் செலீனெனிக் அமிலம் வினைத்திறன் மிக்கது; புதிதாகத் தோன்றிய இரட்டைப் பிணைப்போடு அதுவே மீண்டும் இணைந்து விளைபொருளைக் குறைக்கக்கூடும். அதனைத் தடுக்க அமீன் ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். செலீனியத்தை வினைக்குத் தூண்டும் இயல்பே, கட்டுப்படுத்தப்படாவிடின், வினையைக் கெடுக்கவும் செய்கிறது. இவ்விருமுக இயல்பு நொதி மாதிரிகளிலும் தொடர்வதைக் காணலாம்.

3. நஞ்சிலிருந்து ஊட்டத்திற்கு

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா முதலிய பகுதிகளில் கால்நடைகளைத் தாக்கிய நோய்க்குச் செலீனியம் மிகுந்த மண்ணில் வளர்ந்த தாவரங்களே காரணம் என்பது 1930களில் தெளிவாயிற்று. ஆகவே அத்தனிமம் நஞ்சாகவே அறியப்பட்டிருந்தது. 1957இல் சுவார்சும் ஃபோல்ட்சும் எலிகளின் கல்லீரல் சிதைவைச் செலீனியம் தடுக்கிறது எனக் காட்டினர். அதே ஆண்டில் மில்சு, குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்னும் நொதியைச் செங்குருதி அணுக்களில் கண்டறிந்தார். அந்நொதியின் கூறாகச் செலீனியம் உள்ளது என்பது 1973இல் உறுதியாயிற்று. செலீனியம் புரதத்தில் செலீனோசிஸ்டீன் என்னும் அமினோ அமிலமாகவே இடம்பெறும் என்பதை 1976இல் திரெசா ஸ்டாட்மன் குழுவினர் பாக்டீரியப் புரதம் ஒன்றில் நிறுவினர். மனித மரபணுத் தொகுதியில் செலீனியப் புரதங்களுக்குரிய 25 மரபணுக்கள் உள்ளன என்பது பின்னர் அறியப்பட்டது.

வளர்ந்தோருக்கு நாள்தோறும் 55 மைக்ரோகிராம் செலீனியம் போதுமானது என்பது அமெரிக்க ஊட்டவியல் பரிந்துரை. தாங்கத்தக்க மேல்வரம்பாக அதே பரிந்துரை குறிப்பது 400 மைக்ரோகிராம். சீனாவின் கெஷான் பகுதியில் செலீனியக் குறைபாட்டோடு தொடர்புடைய இதயத்தசை நோய் காணப்பட்டதும், டகோட்டாவில் அதன் மிகுதியால் கால்நடைகள் மடிந்ததும் இவ்வரம்புகள் எவ்வளவு நெருக்கமானவை என்பதை உணர்த்துகின்றன. தேவைக்கும் தீங்குக்கும் இடையில் பத்து மடங்கு இடைவெளிகூட இல்லாத தனிமம் இது.

4. நொதியின் வினைச்சுழற்சி

உயிரணுக்களில் ஆக்சிஜன் பயன்பாட்டின் துணைவிளைவாக ஹைட்ரஜன் பெராக்சைடு தோன்றுகிறது. அது அளவு மீறினால் கொழுப்புப் படலங்களையும் புரதங்களையும் மரபுப்பொருளையும் சிதைக்கும். குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் அதனை நீராக மாற்றுகிறது. அச்சுழற்சி மூன்று படிகளைக் கொண்டது.

முதற்படியில் நொதியின் செலீனால், பெராக்சைடால் ஆக்சிஜனேற்றப்பட்டுச் செலீனெனிக் அமிலமாகிறது. ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. இரண்டாம் படியில் ஒரு குளூட்டாதயோன் மூலக்கூறு அவ்வமிலத்தோடு வினைபுரிந்து செலீனியம்–கந்தகப் பிணைப்புடைய செலீனெனைல் சல்பைடைத் தருகிறது. மற்றொரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. மூன்றாம் படியில் இரண்டாவது குளூட்டாதயோன் அச்சல்பைடின் கந்தக அணுவைத் தாக்குகிறது. இரு குளூட்டாதயோன்களும் டைசல்பைடாக இணைந்து விலக, செலீனால் மீள்கிறது.

மூன்றாம் படியே இங்கு உயிர்நாடியாகும். செலீனெனைல் சல்பைடில் தாக்குதலுக்கு உள்ளாகத்தக்க அணுக்கள் இரண்டு. தயோல் கந்தகத்தைத் தாக்கினால் செலீனால் மீண்டு, சுழற்சி நிறைவுறும். செலீனியத்தைத் தாக்கினாலோ பழைய தயோல் வெளியேறிப் புதிய தயோல் அவ்விடத்தில் அமரும். தோன்றுவது மீண்டும் அதே செலீனெனைல் சல்பைடுதான். வினை நிகழ்ந்தும் பயன் விளைவதில்லை. செக்குமாடு சுற்றுவது போல மூலக்கூறு ஓரிடத்திலேயே சுழல்கிறது. நொதியில் வினைமையத்தைச் சூழ்ந்த புரதப் பகுதி குளூட்டாதயோனை உரிய திசையில் நிறுத்தி இந்த வீண்சுழற்சியைத் தவிர்க்கிறது. புரதச் சூழல் இல்லாத சிறிய மூலக்கூறு அதனை எவ்வாறு தவிர்க்கும் என்பதே மாதிரி மூலக்கூறுகளை வடிவமைப்போர் எதிர்கொண்ட வினா.

5. எப்செலெனும் அதன் எல்லையும்

இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்ட மூலக்கூறு எப்செலென் ஆகும். 1924இலேயே தொகுக்கப்பட்ட இச்சேர்மத்திற்குக் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் போன்ற செயற்பாடு உண்டு என்பது 1984இல் அறியவந்தது. செலீனியமும் நைட்ரஜனும் நேரடியாகப் பிணைந்த ஐந்துறுப்பு வளையம் இதன் அடிப்படை. உடலில் இதன் செலீனியம் தனித்துப் பிரிந்து வெளியேறுவதில்லை ஆதலின் நச்சுத்தன்மை குறைவு. மூளைப் பக்கவாத நோயாளிகளிடம் இதனைப் பயன்படுத்திய ஜப்பானிய மருத்துவ ஆய்வு 1998இல் வெளியாயிற்று. 2020இல் கொரோனா தீநுண்மியின் முதன்மைப் புரோட்டியேசைத் தடுக்கும் மூலக்கூறுகளுள் ஒன்றாகவும் எப்செலென் அடையாளம் காணப்பட்டது.

எனினும் நொதியோடு ஒப்பிடுகையில் அதன் ஊக்கத்திறன் மிகக் குறைவு. தயோல் எப்செலெனின் வளையத்தைத் திறந்து செலீனெனைல் சல்பைடை எளிதில் தருகிறது. அதன்பின் அருகிலுள்ள கார்பனைல் ஆக்சிஜன் செலீனியத்தை நோக்கித் தன் எலக்ட்ரான்களை நீட்டுகிறது. அதனால் செலீனியம் எலக்ட்ரான் கவர் மையமாக வலுப்பெற்று, அடுத்துவரும் தயோலைத் தன்னிடமே ஈர்த்துக்கொள்கிறது. மேலே கண்ட வீண்சுழற்சி இங்கு நிகழ்வதால் செலீனால் அரிதாகவே மீள்கிறது.

6. ஒரு முனைவர் பட்ட ஆய்வின் பங்களிப்பு

செலீனியத்திற்கு அருகே அமினோ தொகுதி இருப்பின் செயற்பாடு கூடும் என்பதை வில்சன் குழுவினர் (1989), இவாவோகா, டொமோடா (1994) ஆகியோரின் ஆய்வுகள் உணர்த்தியிருந்தன. அமினோ தொகுதி காரமாகச் செயற்பட்டுச் செலீனாலின் புரோட்டானை ஏற்று, வினைத்திறன் மிக்க செலீனோலேட்டை உருவாக்க உதவுகிறது என விளக்கப்பட்டது. இதிலிருந்து ஓர் எதிர்பார்ப்பு இயல்பாக எழும்: செலீனியம்–நைட்ரஜன் ஈர்ப்பு வலுக்க வலுக்க ஊக்கத்திறனும் உயரவேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டமும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்ற முகேஷ், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஹர்கேஷ் சிங்கின் வழிகாட்டுதலில் ஆய்வு மேற்கொண்டு 1998இல் முனைவர் பட்டம் பெற்றார். நைட்ரஜன் கொண்ட பல்வகைத் தொகுதிகளைச் செலீனியத்திற்கு அண்மையில் அமைத்து, ஈர்ப்பின் வலிமையைப் படிப்படியாக மாற்றி ஒப்பிடும் முறை அக்குழுவினரால் பின்பற்றப்பட்டது. 2001இல் அமெரிக்க வேதியியல் சங்க ஆய்விதழில் வெளியான அவர்களது கட்டுரை, எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கியது. காரத்தன்மையுள்ள அமினோ தொகுதி அருகே அமைந்தும் ஈர்ப்பு வலுவற்றதாக உள்ள டைசெலீனைடுகள் சிறந்த ஊக்கிகளாக விளங்கின. வலிமை மிக்க ஈர்ப்புடையவை செயற்பாட்டில் பின்தங்கின.

வேறுபாட்டின் காரணம் மூன்றாம் படியில் உள்ளது. செலீனெனைல் சல்பைடில் நைட்ரஜனின் தனித்த எலக்ட்ரான் இணை, செலீனியம்–கந்தகப் பிணைப்பின் எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குள் பகிரப்படுகிறது. அதன் விளைவாகக் கந்தகத்தின் மீது எதிர்மின் தன்மையும், செலீனியத்தின் மீது எலக்ட்ரான் நாட்டமும் கூடுகின்றன. தயோல் கந்தகத்தை விடுத்துச் செலீனியத்தை நாடுகிறது. ஆகவே நைட்ரஜன் காரமாகத் துணைநிற்கும் அளவிற்கு நெருங்கியிருக்க வேண்டும். செலீனியத்தைப் பற்றிக்கொள்ளும் அளவிற்கு நெருங்கலாகாது. ஊக்கியின் வெற்றி ஈர்ப்பின் மிகுதியில் இல்லை, அதன் அளவில் உள்ளது என்பதே இவ்வாய்வின் முடிபு. அமைடு தொகுதி கொண்ட மாதிரிகளைப் பின்னாளில் ஆராய்ந்தபோது இம்முடிபு மேலும் வலுப்பெற்றது. ஆக்சிஜனின் பற்றுதலைத் தளர்த்திய வடிவங்கள் மேம்பட்ட செயற்பாட்டைக் காட்டின.

7. சான்றுகள் பெறப்படும் முறை

இத்தகைய முடிபுகள் மூவகைச் சான்றுகளின் இணைவால் பெறப்படுகின்றன. முதலாவது, வினைவேக அளவீடு. மெத்தனாலில் பென்சீன்தயோலையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் மாதிரிச் சேர்மத்தோடு கலந்து, உருவாகும் டைபீனைல் டைசல்பைடை 305 நானோமீட்டர் அலைநீளத்தில் புறஊதா ஒளி உறிஞ்சல் வழியே அளப்பர்.

இரண்டாவது, அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலை. இயற்கைச் செலீனியத்தில் ஏறத்தாழ 7.6 விழுக்காடு உள்ள செலீனியம்-77 ஐசோடோப்பு இதற்கு உகந்தது. அதன் வேதிப் பெயர்ச்சி ஏறத்தாழ 3000 பி.பி.எம். அளவிற்கு விரிந்துள்ளமையால் செலீனால், செலீனெனைல் சல்பைடு, டைசெலீனைடு ஆகியவற்றின் குறிகைகள் தெளிவாகப் பிரிந்து தோன்றும். எந்த இடைநிலைப் பொருள் தேங்குகிறது என்பதை இதனால் அறியலாம்.

மூன்றாவது, எக்ஸ்-கதிர்ப் படிகவியல். செலீனியம், நைட்ரஜன் ஆகியவற்றின் வாண்டர்வால்ஸ் ஆரங்களின் கூடுதல் ஏறத்தாழ 3.45 ஆங்ஸ்ட்ராம், சகப்பிணைப்பு ஆரங்களின் கூடுதல் ஏறத்தாழ 1.87 ஆங்ஸ்ட்ராம். படிகத்தில் அளக்கப்படும் தொலைவு இவ்விரு எல்லைகளுக்கிடையே எங்கு அமைகிறது என்பதைக் கொண்டு ஈர்ப்பின் வலிமை மதிப்பிடப்படுகிறது.

ஆய்வுக்கூடத்தில் இச்சேர்மங்களைக் கையாள்வது எளிதன்று. வினைகள் புகைபோக்கிக் கூண்டிலேயே நிகழ்த்தப்பட வேண்டும். செலீனால்கள் காற்றுப் பட்டவுடன் டைசெலீனைடுகளாக மாறுவதால் நைட்ரஜன் அல்லது ஆர்கான் சூழல் தேவை. கண்ணாடிக் கலன்களில் எஞ்சும் செலீனியச் சேர்மங்களைச் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலால் ஆக்சிஜனேற்றிய பின்னரே கழுவுவர். நாற்றத்தை நீக்குவதற்கும் அதே ஆக்சிஜனேற்ற இயல்பே கைகொடுக்கிறது.

8. தைராய்டு இயக்குநீரும் செலீனியமும்

முகேஷ் 2002இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இணைந்தபின் இவ்வாய்வுகள் வேறொரு நொதிக் குடும்பத்திற்கும் விரிந்தன. நான்கு அயோடின் அணுக்களையுடைய தைராக்சினிலிருந்து அயோடினை நீக்கும் டிஅயோடினேஸ் நொதிகளின் வினைமையத்திலும் செலீனோசிஸ்டீன் உள்ளது. வெளிவளையத்தில் ஓர் அயோடின் நீங்கினால் இயக்குநீர் செயலூக்கம் பெறும். உள்வளையத்தில் நீங்கினால் செயலிழக்கும். நாப்தலீன் வளையத்தில் ஒரு செலீனாலையும் ஒரு தயோலையும் அருகருகே அமைத்த மாதிரி மூலக்கூறு, உள்வளைய அயோடினைத் தேர்ந்து நீக்குவதை மன்னா, முகேஷ் ஆகியோர் 2010இல் வெளியிட்டனர். செலீனியம் அயோடினை அணுகுகையில் தோன்றும் ஹாலஜன் பிணைப்பு, கார்பன்–அயோடின் பிணைப்பைத் தளர்த்துகிறது. முன்பு நைட்ரஜனிடமிருந்து எலக்ட்ரான்களை ஏற்ற செலீனியம் இங்கு அயோடினுக்கு எலக்ட்ரான்களை வழங்குகிறது. இவ்வாய்வுகளுக்காக முகேஷுக்கு 2012இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருதும், 2019இல் இன்ஃபோசிஸ் விருதும் வழங்கப்பெற்றன.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் கருத்துகள் தெளிவாகின்றன.

• செலீனியம் கந்தகத்தின் மாற்றுரு மட்டுமன்று. முனைவாக்க எளிமை, பிணைப்பின் தளர்வு, செலீனாலின் அமிலத்தன்மை ஆகியன அதற்குத் தனித்த வினைத்திறனை அளிக்கின்றன.

• செலீனாக்சைடு நீக்கத்திலும் நொதியின் சுழற்சியிலும் செயற்படுவது செலீனியத்தின் ஆக்சிஜனேற்ற எளிமையே. முன்னதில் செலீனியம் மூலக்கூற்றை விட்டு நீங்குகிறது. பின்னதில் ஒடுக்கமடைந்து மீண்டும் பணிக்கு வருகிறது.

• நொதி மாதிரிகளில் செலீனியத்தை நோக்கிய ஈர்ப்பு அளவோடு இருக்கையில் துணையாகவும், மிகுகையில் தடையாகவும் அமைகிறது.

இவ்வறிவு ஆய்வுக்கூடத்திற்கு வெளியிலும் பொருளுடையது. செலீனியம் ஆக்சிஜனேற்றத் தீங்கைத் தடுக்கும் என்பதனால் அதனை மாத்திரையாக உட்கொள்வது நோய் தடுக்கும் எனப் பலர் நம்பினர். 35,000க்கும் மேற்பட்ட ஆடவரிடம் நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் அளித்து அமெரிக்கா முதலிய நாடுகளில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், புரோஸ்டேட் புற்றுநோயை அது தடுக்கவில்லை என்பது 2008இல் தெரியவந்தது. உடலில் செலீனியம் உள்ளதா என்பது மட்டுமே வினா அன்று. அது எந்த மூலக்கூற்றில், எந்த அணுக்களின் அண்மையில், எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்து நிற்கிறது என்பதே அதன் நன்மை தீமையைத் தீர்மானிக்கிறது. செலீனியம்–நைட்ரஜன் ஈர்ப்பை ஆராய்ந்த ஒரு முனைவர் பட்ட ஆய்வு உணர்த்தும் இவ்வுண்மையே, எதிர்காலச் செலீனிய மருந்துகளின் வடிவமைப்பிற்கும் அடித்தளமாக அமையவல்லது.